மெலிந்துபோன திட்டக் கரைசல்: டெக்ஸ்ட்ரானில் தனி உறுப்புகளை அடையாளம் கண்ட ஒரு நிகழ்வு ஆய்வு

டர்பனுக்கு வடக்கே கடலோரமாக நீளும் கரும்புப் பகுதியின் ஆலைகளுக்கு வரும் சாற்றைச் சோதித்துக் கொடுக்கும் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் நான் வேலை பார்க்கிறேன். 1860 ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையிலிருந்து வந்து சேர்ந்த முதல் கப்பலின் காலம் தொட்டு, இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வாழ்க்கை கரும்போடு பிணைந்தது. வெட்டிய கரும்பு ஆலைக்குப் போகத் தாமதமானால் சாறு கொழகொழத்து நூல்விடும் என்பதை, வேதியியல் படிக்காத என் தாத்தாவும் அறிந்திருந்தார். அந்தக் கொழகொழப்பின் பெயர்தான் டெக்ஸ்ட்ரான். லூக்கோனோஸ்டாக் என்னும் பாக்டீரியம், வெட்டுவாய் வழியே கரும்புக்குள் புகுந்து, சுக்ரோசிலுள்ள குளுக்கோசை மட்டும் எடுத்து ஒன்றோடொன்று கோத்து அந்த நீண்ட பாலிசாக்கரைடுச் சங்கிலியைக் கட்டுகிறது. ஆகவே சாற்றில் டெக்ஸ்ட்ரான் எவ்வளவு என்று கேட்பது, கரும்பு எவ்வளவு நேரம் கிடந்து பழசானது என்று கேட்பதற்கு ஏறக்குறைய ஒப்பானது.

அளக்கும் முறை எளியது. மாவுப்பொருளை நொதியால் அகற்றி, புரதத்தை வீழ்படிவாக்கி வடிகட்டிய சாற்றோடு சம அளவு எத்தனாலைச் சேர்த்தால் டெக்ஸ்ட்ரான் மூட்டமாகத் திரளும். அந்த மூட்டத்தை 720 நானோமீட்டரில் அளந்து, அளவு தெரிந்த டெக்ஸ்ட்ரான் திட்டக் கரைசலோடு ஒப்பிடுகிறோம். இதில் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. மூட்டம் டெக்ஸ்ட்ரானின் எடையை மட்டும் பொறுத்ததன்று, சங்கிலியின் நீளத்தையும் பொறுத்தது. குட்டைச் சங்கிலிகள் எத்தனாலில் அவ்வளவு எளிதில் திரளா.

2023 ஆம் ஆண்டின் அரைவைப் பருவத்தின் நடுவில், சுமார் 20 இலட்சம் மூலக்கூறு எடை கொண்ட டெக்ஸ்ட்ரானால் நாங்கள் தயாரித்து வைத்திருந்த திட்டக் கரைசல் நாளுக்கு நாள் குறைந்த மூட்டத்தைக் காட்டத் தொடங்கியது. நிறை அப்படியே இருக்கிறது. உலர்த்தி எடை பார்த்தால் மாற்றமில்லை. ஆனால் பாகுநிலையை, அதாவது கொழகொழப்பை, அளக்கும் கண்ணாடிப் பாகுமானியில் அது ஓடி இறங்கும் நேரம் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தது. அளவுகோல் சுருங்கினால் அளக்கப்படும் பொருள் பெரிதாகத் தெரியும் அல்லவா? நல்ல கரும்பைக் கொண்டுவந்தவர்களின் சுமைகூடப் பழைய கரும்பு என்று எங்கள் தாளில் பதிவாகும் நிலை வந்துவிட்டது. சிறு விவசாயிகளின் வருமானம் அந்தத் தாளைச் சார்ந்தது என்பதால், கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தயாரிப்பதோடு விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

முதல் சந்தேகம் இயல்பாகவே நுண்ணுயிர்கள் மீது விழுந்தது. டெக்ஸ்ட்ரானைத் துண்டாக்கும் டெக்ஸ்ட்ரனேஸ் நொதியைச் சுரக்கும் பூஞ்சைகள் உண்டு. அவற்றின் வித்துகள் காற்றிலேயே இருக்கும். எனவே கரைசலின் ஒரு பகுதியில் சோடியம் அசைடைச் சேர்த்தோம். சரிவு நின்றது. நுண்ணுயிர்தான் என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் இட்டோம். அந்த அடிக்கோடு அவசரப்பட்டது. வடிகட்டிக் கிருமி நீக்கிய பகுதியிலும், கொதிக்கவைத்து ஆற்றிய பகுதியிலும் பாகுநிலை அதே வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்ததை மறுவாரம் கண்டோம். கொதித்த பின்னும் வேலை செய்யும் நொதியை நம்புவதைவிட, அசைடு வேறு எதையோ தடுத்தது என்று நினைப்பதே பொருத்தம். அசைடு அயனி ஹைட்ராக்சில் தனி உறுப்போடு (தனி உறுப்பு என்பது இணையற்ற எலக்ட்ரானைத் தாங்கி விரைந்து வினைபுரியும் துணுக்கு), இரண்டும் கரைசலில் சந்திக்கும் வேகத்திலேயே வினைபுரியக் கூடியது. வினைவேக மாறிலி 10,00,00,00,000 என்ற எண்ணின் வரிசையில், லிட்டர்/(மோல்·வினாடி) அலகில், இருக்கிறது. கிருமிக்கொல்லி என்று சேர்த்த பொருள் தனி உறுப்புகளை விழுங்கும் பொருளாகவும் இருந்தால், அந்தச் சோதனை இரண்டு விளக்கங்களையும் ஒரே நேரத்தில் ஆதரித்துவிடுகிறது. அப்படிப்பட்ட சோதனை எதையும் நிறுவுவதில்லை.

கரைசலைத் தயாரித்தவர் எங்கள் மூத்த தொழில்நுட்பர். எல்லோரும் அவரை அக்கா என்றுதான் அழைப்போம். கரைசலில் வேறு ஏதாவது சேர்த்தீர்களா அக்கா என்று கேட்டபோது, அவர் தயங்காமல் சொன்னார்: "கெட்டுப்போகாம இருக்கட்டும்னு கொஞ்சம் வைட்டமின் சி போட்டேன் தம்பி. எலுமிச்சை பிழிஞ்சா வெட்டின வாழைக்காய் கறுக்காதில்ல?" அவர் சொன்னது வாழைக்காய்க்கு முழுக்க உண்மை. ஆனால் வேலியே பயிரை மேயும் இடமும் உண்டு. கரைசலில் மைக்ரோமோல் அளவில் இரும்போ செம்போ இருந்துவிட்டால் போதும், வைட்டமின் சி எனப்படும் அஸ்கார்பிக் அமிலம் அந்த உலோகத்துக்கு எலக்ட்ரானைக் கொடுத்துத் திரும்பத் திரும்ப ஒடுக்குகிறது. ஒடுங்கிய உலோகம் காற்றின் ஆக்சிஜனுக்கு எலக்ட்ரானைக் கொடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. பின் அதே உலோகம் அந்தப் பெராக்சைடை உடைத்து ஹைட்ராக்சில் தனி உறுப்பை வெளிவிடுகிறது. இந்தக் கடைசிப் படி 1894 இல் ஃபென்டன் விவரித்த வினையின் வழியில் வருவது. ஹைலுரோனிக் அமிலம் போன்ற பாலிசாக்கரைடுகளை அஸ்கார்பேட் (அந்த அமிலத்தின் அயனி வடிவம்) மெலியச் செய்யும் என்பது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட செய்தியே, மறந்திருந்தவர்கள் நாங்கள்.

உலோகம் எங்கிருந்து வந்தது என்பதற்கு, விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், சாதாரண புற ஊதா நிறமாலைமானியே பதில் சொன்னது. அஸ்கார்பேட் 265 நானோமீட்டரில் நன்றாக ஒளியை உறிஞ்சும். உலோகமற்ற நடுநிலைத் தாங்கல் கரைசலில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) அதன் உறிஞ்சல் 15 நிமிடங்களுக்கு ஏறக்குறைய அசையாமல் நிற்கும், 0.5 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் அந்தத் தாங்கலில் வினையூக்கும் உலோகம் இருக்கிறது என்று கொள்ளலாம். எங்கள் பாஸ்ஃபேட் தாங்கலில் அது கண்ணெதிரே வழுக்கிக்கொண்டு இறங்கியது. உலோகத்தைப் பிடிக்கும் பிசின் வழியே அதே தாங்கலை ஓடவிட்டு மறுபடி அளந்தபோது கோடு படுத்துவிட்டது. வினைப்பொருள் பாட்டிலிலேயே இரும்பு சிறிது கலந்திருப்பது பாஸ்ஃபேட் உப்புகளில் அரிதன்று.

இதுவரை கிடைத்தவை எல்லாம் சூழ்நிலைச் சான்றுகள். தனி உறுப்பை நேரில் பார்க்க வேண்டுமானால் எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வு நிறமாலைதான் வழி. 1944 இல் கசானில் சவோய்ஸ்கி கண்டறிந்த அந்த நிகழ்வில், இணையற்ற எலக்ட்ரான் காந்தப்புலத்தில் இரண்டு ஆற்றல் நிலைகளாகப் பிரிய, நுண்ணலை ஒன்று அதை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏற்றுகிறது. 9.5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுமார் 3,400 காஸ் (காந்தப்புல அலகு) புலம் தேவை. எலக்ட்ரானுக்கு அருகிலுள்ள ஹைட்ரஜன், நைட்ரஜன் அணுக்கருக்கள் அந்த ஒரு கோட்டைப் பல கோடுகளாகப் பிளக்கின்றன; அந்தப் பிளவின் அகலமும் எண்ணிக்கையுமே தனி உறுப்பின் கைரேகை. ஒரு பல்கலைக்கழகத்தில் நண்பர் ஒருவரின் உதவியால் கருவிநேரம் கிடைத்தது.

நீர்க் கரைசலை இந்தக் கருவியில் வைப்பது தனிக்கலை. நீர் நுண்ணலையை விழுங்கிவிடும். சாதாரண குழாயில் நிரப்பினால் கருவி இசையவே இசையாது. ஆகவே மூன்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி மட்டுமே உள்ள தட்டையான குவார்ட்ஸ் கலத்தில் கரைசலை நிரப்ப வேண்டும். கொழகொழத்த 5 சதவீத டெக்ஸ்ட்ரானை அந்த இடுக்கில் இறக்குவது எளிதன்று. கலத்தைச் சாய்த்து, ஊசியைச் சுவரோடு ஒட்டிவைத்து, குமிழி வந்துவிட்டால் விரல் நகத்தால் மெல்லத் தட்டி மேலேற்றி, வெளிப்பக்கத்தை நூலிழை ஒட்டாத தாளால் துடைத்து வைத்த பின்னரே கருவி இசைந்துவிட்டதைக் காட்டும் அந்தக் கூர்மையான பள்ளம் திரையில் தோன்றும். அது தோன்றும் கணம் இன்றும் எனக்கு மகிழ்ச்சி தருவது.

தனி உறுப்பைப் பிடித்துவைக்கும் பொறிச் சேர்மம் எதுவும் சேர்க்காமல், அஸ்கார்பேட் இட்ட கரைசலை நேரடியாகப் பார்த்தபோது 1.8 காஸ் இடைவெளியில் இரண்டு கோடுகள் தெரிந்தன. இது அஸ்கார்பில் தனி உறுப்பு. நீண்ட நேரம் வாழக்கூடியது. அஸ்கார்பேட் ஆக்சிஜனேற்றம் அடைகிறது என்பதை இது உறுதிசெய்தது. டெக்ஸ்ட்ரானைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஹைட்ராக்சில் தனி உறுப்பு நானோ வினாடிகளே வாழ்வதால் அதை நேரில் காண முடியாது. 1960களின் இறுதியில் வேரூன்றிய பொறி முறையில், வாழ்நாள் குறைந்த தனி உறுப்பை ஒரு நைட்ரோன் சேர்மம் பிடித்து, நிலைத்து நிற்கும் நைட்ராக்சைடாக மாற்றுகிறது. நாங்கள் எடுத்துக்கொண்ட பொறி டி.எம்.பி.ஓ. என்னும் நைட்ரோன். அதைச் சேர்த்ததும் 1:2:2:1 என்ற உயர விகிதத்தில் நான்கு கோடுகள் எழுந்தன. நைட்ரஜன் பிளவும் ஹைட்ரஜன் பிளவும் ஏறக்குறைய 14.9 காஸில் ஒன்றாக அமைந்துவிடுவதே இந்த அழகிய வடிவத்தின் காரணம். பாடநூல்கள் எல்லாம் ஹைட்ராக்சில் என்று பெயரிடும் வடிவம் இதுதான். ஆனால் மூன்று தடைகளை அப்போதே கண்டேன், அவற்றைத் தாண்டாமல் பெயர் சூட்ட விரும்பவில்லை.

முதல் தடை மின்தடையால் வந்தது. அந்த ஆண்டு லோட் ஷெடிங் எங்கள் எல்லோரின் அன்றாடமாகிவிட்டிருந்தது. மைனஸ் 20 டிகிரியில் இருக்க வேண்டிய டி.எம்.பி.ஓ. பலமுறை உருகி உறைந்திருக்கிறது. வெறும் நீரில் அதை மட்டும் கரைத்துப் பார்த்தபோது, ஒரு வினையும் நடக்காத நிலையிலேயே சில கோடுகள் தெரிந்தன. பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இலேசான மஞ்சள். கிளர்வூட்டிய கரியுடன் குலுக்கி வடிகட்டி, 228 நானோமீட்டர் உறிஞ்சலால் செறிவை மறுபடி கணக்கிட்ட பின்னரே வெற்றுக் கரைசல் வெறுமையாயிற்று. முந்தைய மூன்று நாள் பதிவுகள் அனைத்தையும் ஒதுக்கினோம்.

இரண்டாம் தடை இன்னும் நுட்பமானது. இரும்பு(III) அயனி முன்னிலையில் நீர் மூலக்கூறே டி.எம்.பி.ஓ.வோடு சேர்ந்து, பின் ஆக்சிஜனேற்றம் அடைந்து, அதே நான்கு கோடுகளைக் கொடுக்க முடியும். ஹைட்ராக்சில் தனி உறுப்பு ஒன்றுகூடப் பிறந்திருக்க வேண்டியதில்லை. இதைப் பிரித்தறிய 10 சதவீத எத்தனாலைச் சேர்த்தோம். லிட்டருக்கு 1.7 மோல் அளவிலுள்ள எத்தனால், 0.1 மோல் டி.எம்.பி.ஓ.வை வினைவேகத்தில் சுமார் பத்து மடங்கு மிஞ்சி ஹைட்ராக்சிலைப் பிடிக்க வேண்டும் என்பது அறியப்பட்ட மாறிலிகளிலிருந்து வரும் கணக்கு. நான்கு கோடுகள் சுருங்கி, அவற்றின் இடத்தில் 15.8, 22.8 காஸ் பிளவுகளைக் கொண்ட ஆறு கோடுகள் எழுந்தன. இது எத்தனாலின் கார்பனில் பிறந்த தனி உறுப்பு. நீர் வெறுமனே சேர்ந்திருந்தால் இந்த மாற்றம் வந்திராது. கூடுதலாக, எங்களை முதலில் ஏமாற்றிய அசைடை இப்போது வேண்டுமென்றே சேர்த்தோம். அசைடு தனி உறுப்புக்கு உரிய, இரண்டாவது நைட்ரஜனால் 3.1 காஸ் அளவில் மேலும் பிளந்த கோட்டுக் கூட்டம் தோன்றியது. அன்று சரிவை அசைடு நிறுத்தியதன் காரணத்தை, குறிப்பேட்டின் அதே பக்கத்தில் அடிக்கோட்டை அடித்துவிட்டு எழுதினேன்.

மூன்றாம் தடை அஸ்கார்பேட்டே. அது நைட்ராக்சைடையும் ஒடுக்கி, ஒத்ததிர்வுக்குப் புலப்படாத சேர்மமாக்கிவிடும். அஸ்கார்பேட் கூடுதலாக இருந்த கரைசல்களில் கோடுகள் சிறியவையாக இருந்து சில நிமிடங்களில் மறைந்தன. அதைப் பார்த்து, அஸ்கார்பேட் தனி உறுப்புகளைக் குறைக்கிறது என்று முடிவுகட்டும் ஆபத்து பெரிது. கோடு மறைந்தது தனி உறுப்பு பிறக்காததாலா, பிடிபட்டது அழிக்கப்பட்டதாலா என்பதை நிறமாலை தானாகச் சொல்லாது. பாகுநிலை சொல்லும்: கோடுகள் மறைந்த கரைசலிலேயே டெக்ஸ்ட்ரான் வேகமாக மெலிந்தது.

இத்தனையும் ஹைட்ராக்சில் உண்டாகிறது என்பதை மட்டுமே நிறுவின. நான் கேட்ட கேள்வி டெக்ஸ்ட்ரானின் மேல் எந்த இடத்தில் இணையற்ற எலக்ட்ரான் உட்கார்ந்திருக்கிறது என்பது. காற்று நிறைந்த கரைசலில் அதைக் காண இயலாது; கார்பன் தனி உறுப்பு தோன்றியதுமே ஆக்சிஜன் அதை மறித்துப் பெராக்சில் ஆக்கிவிடும். நைட்ரஜனால் ஆக்சிஜனை விரட்டிவிட்டால் அஸ்கார்பேட் சுழற்சியே தொடங்காது. அப்படி விரட்டிய பகுதியில் பாகுநிலை அசையாமல் நின்றது, அதுவும் ஒரு சான்றுதான். எனவே ஹைட்ராக்சிலின் மூலத்தை மாற்றினோம். ஆக்சிஜன் நீக்கிய டெக்ஸ்ட்ரான் கரைசலில் ஹைட்ரஜன் பெராக்சைடை இட்டு, 254 நானோமீட்டர் ஒளியால் உடைத்தோம். உலோகமில்லை, அஸ்கார்பேட்டில்லை, ஹைட்ராக்சிலும் டெக்ஸ்ட்ரானும் பொறியும் மட்டுமே. பொறி முந்திக்கொள்ளாதபடி அதன் செறிவைக் குறைத்து, லிட்டருக்குச் சுமார் 0.3 மோல் குளுக்கோஸ் அலகுகள் இருக்கும்படி டெக்ஸ்ட்ரானை 5 சதவீதமாக உயர்த்தினோம்.

வந்தது ஒரு சேறு. கோடுகள் தனித்தனியாக நிற்காமல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, உயர்புலப் பக்கம் தேய்ந்து, மேடு பள்ளமாகக் கிடந்தன. கருவிக் கோளாறு என்று இரண்டு முறை கலத்தை மாற்றினோம். கோளாறு கருவியில் இல்லை. அந்தச் சேறேதான் செய்தி. சிறு மூலக்கூறு கரைசலில் வேகமாகச் சுழல்வதால் திசைசார்ந்த வேறுபாடுகள் சராசரியாகி கோடுகள் கூர்மையாகின்றன. பெரிய சங்கிலியின் மேல் பொறி ஒட்டிக்கொண்டால் சுழற்சி மந்தமாகிறது, கோடுகள் விரிகின்றன. ஆக, பிடிபட்டது சங்கிலியின் மேலேயே இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேறு இல்லை.

கைரேகையைப் படிக்க, சங்கிலியை வெட்ட வேண்டும். ஒளியை அணைத்து, வினை முடிந்த பின், டெக்ஸ்ட்ரனேஸைச் சேர்த்தோம். பூஞ்சைகள் மீது முதலில் சந்தேகப்பட்ட அதே நொதி இப்போது எங்கள் பக்கம் வேலை செய்தது. சிறிது நேரத்தில் சேறு தெளிந்து, 15.8, 22.8 காஸுக்கு அருகில் ஆறு கூர்மையான கோடுகள் எழுந்ததைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பதிவையும் எண்ணினார். நொதி மட்டும், ஒளி மட்டும், பெராக்சைடு மட்டும் இருந்த கரைசல்களில் அந்த ஆறு கோடுகள் வரவில்லை.

டி.எம்.பி.ஓ. இதற்கு மேல் சொல்லாது. குளுக்கோஸ் அலகின் எந்தக் கார்பனில் பிறந்தாலும் அதன் ஆறு கோடுகள் ஏறக்குறைய ஒன்றே. நைட்ரோசோ வகைப் பொறி அப்படியன்று; தனி உறுப்பின் கார்பன் நேரே நைட்ரஜனோடு இணைவதால், அந்தக் கார்பனில் எஞ்சியிருக்கும் ஹைட்ரஜன் ஒவ்வொன்றும் கூடுதல் பிளவாகத் தெரியும். டெக்ஸ்ட்ரானில் இது மிகப் பயனுள்ளது. ஒன்று முதல் ஐந்து வரையிலான கார்பன்களில் தலா ஒரு ஹைட்ரஜனே உண்டு. ஹைட்ராக்சில் அதைப் பிடுங்கினால் ஹைட்ரஜன் மிச்சமில்லை, மூன்று கோடுகள் மட்டும். அலகுகளை இணைக்கும் ஆறாம் கார்பனில் மட்டும் இரண்டு ஹைட்ரஜன்கள். ஒன்று போனால் ஒன்று மிஞ்சும், ஒவ்வொரு கோடும் இரண்டாகும். 2-மீத்தைல்-2-நைட்ரோசோபுரோப்பேனைப் பயன்படுத்தியபோது, நொதியால் வெட்டிய பின், இந்த இரண்டு வகைகளும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தன. இடையே 17.1 காஸ் இடைவெளியில் மூன்று கோடுகளின் கூட்டம் ஒன்று. அது பொறி ஒளிபட்டுத் தானே சிதைந்ததால் வரும் வேண்டாத விருந்தாளி. இருட்டில் கையாண்டும், ஒளியூட்டும் நேரத்தைக் குறைத்தும் அதைச் சிறிதாக்கினோம், முழுதாக நீக்க முடியவில்லை.

இரட்டைப் பிளவைக் கண்டதும் ஆறாம் கார்பன் என்று எழுதிவிடலாம்தான். எழுதவில்லை. அருகருகே ஹைட்ராக்சில் தொகுதிகளைக் கொண்ட சர்க்கரைத் தனி உறுப்பு, ஒரு நீர் மூலக்கூறை இழந்து, எலக்ட்ரானை அடுத்த கார்பனுக்கு மாற்றிக்கொள்ள முடியும்; அந்தக் கார்பனிலும் ஒரு ஹைட்ரஜன் இருக்கும், அதுவும் இரட்டையாகவே தெரியும். இந்த மாற்றம் அமிலத்தில் விரைவு. ஆகவே பி.எச். 7 இலும் பி.எச். 2 இலும் அதே சோதனையைச் செய்தோம். அமிலத்தில் இரட்டையின் பங்கு கூடியது. அந்தக் கூடுதல் நிச்சயம் உருமாறிய தனி உறுப்புக்கு உரியது. நடுநிலையில் எஞ்சியதன் பெரும்பகுதி ஆறாம் கார்பனுக்கு உரியது என்று கருதுகிறேன், முழுவதும் என்று சொல்ல மாட்டேன்.

சங்கிலி அறுவதற்கு இந்த இடங்களில் எது பொறுப்பு என்பதைப் பிணைப்பே காட்டுகிறது. டெக்ஸ்ட்ரானின் முதுகெலும்பு ஒரு குளுக்கோசின் முதல் கார்பனையும் அடுத்ததன் ஆறாம் கார்பனையும் ஆக்சிஜன் வழியே இணைப்பது. ஐந்தாம் கார்பனில் எலக்ட்ரான் தங்கினால், அதை ஒட்டிய ஆறாம் கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு அறுந்து இரட்டைப் பிணைப்பாக அடங்கலாம். முதல் கார்பனில் தங்கினாலும் அப்படியே பிணைப்பு அறுபடும் வழி உண்டு. இரண்டாம், மூன்றாம் கார்பன்களில் தங்கும் எலக்ட்ரான் வளையத்தைச் சிதைத்தாலும் சங்கிலியை நேராக அறுக்க வேண்டியதில்லை. இருபது இலட்சம் எடையுள்ள சங்கிலியில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குளுக்கோஸ் அலகுகள் இருக்கின்றன. நடுவில் ஒரே ஒரு வெட்டு விழுந்தாலும் நீளம் பாதியாகிவிடும். மைக்ரோமோல் அளவு இரும்பு எப்படி ஒரு பாட்டில் கரைசலை நீர்க்கச் செய்தது என்பதற்கு விடை இந்த எண்ணிக்கையில் இருக்கிறது.

தடுப்பு வழிகளையும் சோதித்தோம். ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் நொதியான கேட்டலேஸ் சரிவை நிறுத்தியது. பெராக்சைடு வழியேதான் எல்லாம் நடக்கிறது என்பதை அது உறுதிப்படுத்தியது. டெஸ்ஃபெரியாக்சமின் இரும்பைக் கட்டிப்போட்டு நிறுத்தியது. உலோகத்தைப் பிடிக்க ஆய்வுக்கூடங்களில் கை முதலில் நீளும் ஈ.டி.டி.ஏ. நேர்மாறாகச் சரிவை விரைவுபடுத்தியது. அது இரும்பைக் கரைசலில் வைத்துக்கொண்டு எலக்ட்ரான் வாங்கிக் கொடுக்க விட்டுவிடுகிறது. உலோகம் பிடிக்கும் பொருள் எதுவாயினும் சரி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது திட்டக் கரைசலை, பிசினில் ஓடவிட்ட தாங்கலில், அஸ்கார்பேட் இல்லாமல், ஒரு வாரத்துக்குத் தேவையான அளவே தயாரித்து 4 டிகிரியில் வைக்கிறோம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் மூட்டம் பார்க்கும் முன் அக்கா பாகுமானியில் ஓட்ட நேரத்தை எடுத்து, பாட்டிலின் ஒட்டுத்தாளில் தேதிக்குக் கீழே எழுதுகிறார். பழைய கரைசலால் கணக்கிட்ட நாள்களின் சாற்று அளவீடுகளைத் திருத்தி, உரிய சுமைகளுக்கு எதிரே புதிய எண்களை இட்டு ஆலைகளுக்கு அனுப்பினோம்.